கட் சொல்லும்வரை

படம் எடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். ‘ஒன்மோர்’ மாதிரி பயந்து செத்தவர் எவரும் இல்லை. நன்றாக வந்த காட்சியையும் ‘ஒன் மோர்’ என்று திரும்ப எடுப்பதால் வந்த பட்டப்பெயர் அது. கிளாப் அடித்துத் தொடங்கி, உதவி இயக்குநராகத் திட்டு வாங்கியே தலை நரைத்து, ஒருவழியாக இயக்குநரானார். இரண்டு படங்கள் கவிழ்ந்ததும் எந்தத் தயாரிப்பாளரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சரி, நானே தயாரிப்பாளர் என்று இறங்கினார். அன்றோடு தூக்கம் போயிற்று. மழை வந்தால் பயம், நாயகன் தும்மினால் பயம்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. அவர் ‘கட்’ சொல்லும்வரை வானமே இடிந்து விழுந்தாலும் யாரும் அசையக் கூடாது. ஒரு லைட்மேன் உள்ளங்கை வெந்தும் விளக்கை விடாமல் பிடித்து நின்றாராம். ஒன்மோர் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவார். இதெல்லாம் ஒரு பெருமையா?

மூன்றாவது படத்தில் வில்லனின் டிரைவர் காரோடு தண்ணீரில் மூழ்க வேண்டும். அந்த வேஷம் மச்சினனுக்கு. மனைவியின் ஒரே தம்பி, ஸ்டன்ட் ஆள். அன்று காலை மனைவி வாசல்வரை வந்தாள்.

“படம் எப்படி வேணா போகட்டும். என் தம்பிய மட்டும் முழுசா கூட்டிட்டு வந்துடுங்க.”

ஸ்டுடியோவில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய தொட்டி. கார் மூழ்கியதும் மச்சினன் ஜன்னலை அடித்துத் தவிக்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து மேலே வர வேண்டும். கரையில் காவலுக்கு ஒரு நீச்சல்காரர். அவருக்கும் அதே சட்டம்தான்.

கார் இறங்கியது. மச்சினன் அடித்தான், உதைத்தான், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பயல் பின்னுகிறானே என்று கேமராமேன் முணுமுணுத்தார். மானிட்டர் முன்னால் ஒன்மோருக்குப் புல்லரித்தது. அப்போது மச்சினன் திரும்பி, நேராகக் கேமராவைப் பார்த்தான்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேமராவைப் பார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பாவி, நல்ல ஷாட்டைக் கெடுத்துவிட்டானே! ‘ஒன் மோர்’ என்று வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்தினார். அவன் அந்தத் தப்பைச் செய்கிறவனே இல்லை. கதவு திறக்கவில்லை. உதவி கேட்கிறான்.

கத்தப் பார்த்தார், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் ஒருவரும் அசையவில்லை. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினார். பாதி வழியில்தான் ‘கட்’ வாயிலிருந்து வந்தது. நீச்சல்காரர் பாய்ந்து, கதவைப் பிடுங்கி, அவனை இழுத்துப்போட்டார்.

தண்ணீரைக் கக்கிவிட்டு மச்சினன் கண் திறந்தான்.

“மன்னிச்சுடுங்க மாமா, கேமராவப் பாத்துட்டேன். ஒன் மோர் போலாமா?”

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்மோர் விம்மினார்.

“வேணாம்டா. இதுவே போதும்.”

நடந்ததை மனைவியிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஷாட்டை அவர் தூக்கி எறியவில்லை, படத்தில் வைத்தார். அதுதான் அவர். முதல் காட்சியன்று அந்தப் பார்வை திரையில் வந்ததும் அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். அவருக்கு ஒருபக்கம் மச்சினன் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தான். மறுபக்கம் மனைவி பூரித்துப்போய் அவர் கையைப் பற்றினாள்.

“என் தம்பி எப்படி நடிச்சிருக்கான், பாத்தீங்களா?”

“ஆமா” என்றார். அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.