கிரீஷின் வீட்டுக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை நான் 'லேடீஸ்' ஆகப் போயிருந்தேன்.

பொறுங்கள், விளக்குகிறேன். பெங்களூரில் இரண்டு ஆண்கள் வீடு பார்க்கப் போனால் கூடவே ஒரு லேடீஸ் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் பேச்சுலர்ஸ். பேச்சுலர்ஸ் என்றால் குடிப்பார்கள், கத்துவார்கள், மொட்டை மாடியில் கிடார் வாசிப்பார்கள். பக்கத்தில் ஒரு லேடீஸ் நின்றால் அந்த நிமிடமே அது 'ஃபேமிலி' ஆகிவிடுகிறது. லேடீஸ் பெரிதாக எதுவும் பேச வேண்டியதில்லை. சமையலறையை எட்டிப் பார்த்து, "சிங்க் கொஞ்சம் சின்னதா இருக்கே" என்று சொன்னால் போதும்.

இந்த ஞானத்தை எனக்கு அருளியவர் புரோக்கர் நாகராஜ். "நீங்க சும்மா வந்து நில்லுங்க மேடம். மிச்சமெல்லாம் நான் அட்ஜஸ்ட் மாடிக்கறேன்" என்றார், பாதிக் கன்னடத்தில்.

வீடு வாங்கப் போகிறவர்கள் சுதாகரும் கிரீஷும். சுதாகர் என் அக்கா மகன். தங்கவயல் பையன், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் டிசைனர். கிரீஷ் ஹாசன்காரன், எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர். இருவரும் காதலித்து, பல வருடங்களாக ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறவர்கள். ஒருவன் வேலை ஊரின் இந்தக் கோடியில், இன்னொருவன் வேலை அந்தக் கோடியில். பெங்களூர் டிராஃபிக் தெரிந்தவர்களுக்கு இந்தக் காதலில் நம்ப முடியாத விஷயம் இது ஒன்றுதான்.

என் அக்கா முதலில் அழுதாள். அப்புறம் கோபித்துக்கொண்டாள். இப்போது மகனிடம் பேச வேண்டும் என்றாலும் கிரீஷ் நம்பருக்குத்தான் அடிக்கிறாள். அவன்தான் போனை எடுக்கிறானாம்!

இத்தனை நாளும் வாடகை வீடுகளில் இவர்கள் 'கசின்ஸ்'. ஒருவன் தமிழ், ஒருவன் கன்னடம்... எப்படிக் கசின்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. கடைசி வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள். மறுவாரமே ஓனர் வந்து, "பையனுக்குக் கல்யாணம், வீடு தேவைப்படுது" என்றார். பையன் ஆறாவது படிக்கிறான்.

அன்றைக்குத்தான் கிரீஷ் என்னிடம் வந்து உட்கார்ந்து சொன்னான்: "இனி சொந்த வீடுதான் சித்தி. ஆனா அதுக்குள்ள பொய் சொல்லிட்டு நுழைய மாட்டேன். மொதல் நாளே சொல்லிடறேன். அவங்களுக்குப் பிடிக்கலையா, திரும்பி வந்துடலாம்."

சுதாகரோ அப்படி இல்லை. அவன் பயந்த சுபாவம். ஓட்டலில் சாம்பார் இன்னொரு கப் கேட்கவே அவனுக்கு இரண்டு நாள் தைரியம் சேர்க்க வேண்டும்.

"எல்லாரையும் நல்லா வரவேற்கிற ஏரியா வேணும்" என்று நாகராஜிடம் சொன்னோம். அவர் உடனே, "நுழையறப்பவே பெரிய ஆர்ச் இருக்கற லேஅவுட் ஒண்ணு இருக்கு சார்" என்றார். கிரீஷ் பொறுமையாக விஷயத்தை உடைத்துச் சொன்னான். நாகராஜ் கொஞ்ச நேரம் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் ரொம்பக் கவலையாகக் கேட்டார்: "அப்போ கார் பார்க்கிங் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?"

முதலில் மல்லேஸ்வரம். மாடியை விற்றுவிட்டுக் கீழே குடியிருக்கப் போகும் ஒரு பெரியவர். நல்ல காபி கொடுத்தார். கிரீஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், நாங்க ரெண்டு பேரும் கப்பிள்" என்றான். பெரியவர் தலையாட்டினார். "வெரி குட். அதெல்லாம் உங்க பர்சனல். எந்தக் காலத்துல இருக்கோம்!" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முட்டை சாப்பிடுவீங்களோ?" என்றார்.

கிரீஷ் பிறந்ததிலிருந்து சைவம். சுதாகரோ வஞ்சிரம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவன். என்னைக் கேட்டால் இவர்களுடையது கலப்பு மணம் என்பதே இந்த ஒரு காரணத்தால்தான். பெரியவர் நியாயமாக ஒரு வழி சொன்னார்: கிரீஷ் வீட்டை வாங்கிக்கொள்ளலாம், சுதாகர் வந்து போகலாம். ஆக, எங்களைத் திருப்பி அனுப்பியது காதல் இல்லை, மீன்!

அடுத்தது எலெக்ட்ரானிக் சிட்டி. மேகத்தை முட்டும் டவர். கிரீஷ் விஷயத்தைச் சொன்னதும் விற்பனைப் பெண், "நாங்க ரொம்ப இன்க்ளூசிவ் சார்" என்று வானவில் கலரில் ஒரு பேட்ஜை எடுத்து கிரீஷ் சட்டையில் குத்திவிட்டாள். எனக்கும் ஒன்று. நாகராஜ் தனக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் கூடிவந்த மாதிரிதான் இருந்தது. கேட்டில் உள்ளே விடுவதற்கு ஒரு ஆப் உண்டாம். அதில் ஓனர் சுதாகர் என்று போட்டதும், ஸ்பௌஸ் என்ற இடத்தில் ஆப் தானாகவே 'திருமதி' என்று எழுதிக்கொண்டு அடம்பிடித்தது. மாற்ற முடியவில்லை. அந்தப் பெண் உதட்டைக் கடித்தபடி யோசித்துவிட்டு, "டிரைவர்னு போட்டுக்கலாமா சார்? கேட்ல உடனே விட்டுடுவாங்க" என்றாள்.

"அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாதும்மா" என்றான் சுதாகர்.

"அப்போ பெட் அனிமல்ஸ் செக்ஷன்ல..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் நான் லிஃப்டுக்குள் போய்விட்டேன்.

இப்படியாகத்தான் போன ஞாயிறு காக்ஸ் டவுனில் ஒரு பழைய அபார்ட்மென்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டாவது மாடி வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில். சாவி கீழ்வீட்டில் இருக்கும் செக்ரட்டரி தனபாலிடம். வருகிறவர்களைத் தனபாலுக்குப் பிடித்தால்தான் சாவி ஆணியை விட்டு இறங்கும் என்று நாகராஜ் எச்சரித்திருந்தார். தனபால் தமிழர், ரிட்டயர்டு ஆசாமி. 'தமிழா! அப்போ நானே தமிழ்ல சொல்றேன்' என்று கிரீஷுக்கு ஒரே உற்சாகம்.

இங்கே ஒரு தகவல். கிரீஷுக்குத் தமிழ் வந்தது பெரும்பாலும் என் சமையலறையில்தான். நான் போனில் 'எங்க வீட்டுக்காரர்', 'எங்க வீட்டுக்காரர்' என்று பேசுவதைக் கேட்டு ஒருநாள் அர்த்தம் கேட்டான். "புருஷனை மரியாதையாச் சொல்றதுடா. நீங்க கன்னடத்துல 'மனெயவரு'ங்கறீங்களே, அதேதான்" என்றேன். கன்னடத்தில் அந்த வார்த்தை கணவன், மனைவி இரண்டு பேருக்கும் செல்லும். அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த வார்த்தைக்குத் தமிழில் இன்னோர் அர்த்தமும் உண்டு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

தனபால் எங்களை உட்கார வைத்தார். நாகராஜ் கிரீஷையும் என்னையும் அறிமுகப்படுத்தினார். "வீடு வாங்கறது நீங்க. மேடம் சித்தி. சரி. இவரு யாரு?" என்று சுதாகரைக் காட்டிக் கேட்டார் தனபால்.

கிரீஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இவர் என் வீட்டுக்காரர்."

சுதாகர் கண்ணை மூடிக்கொண்டான். நாகராஜ் மின்விசிறியைப் பார்த்தார். சொல்லிவிட்டான்!

தனபால் முகம் அப்படியே மலர்ந்தது. "அட! வூட்டு ஓனரே கூட வந்துகிறாரா?"

சுதாகர் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"காலி பண்றவனுக்கு வூடு பாக்க ஓனர் வர்றாரு! பெங்களூர்ல! ராணி, இங்க வந்து இந்த அதிசயத்தப் பாரு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு சுதாகர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அட்வான்ஸ் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"அது... வந்து..."

"அதுல பெயின்டு அடிக்கன்னு எதுனா புடிச்சீங்களா?"

"நான் எதுவும் பிடிக்கல சார்" என்றான் சுதாகர். உண்மைதானே? அவன் யாரிடமும் எதுவும் பிடித்ததில்லை.

தனபால் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். யோசித்துப் பாருங்கள் — இரண்டு ஆண்கள் ஒரு குடும்பம் என்பது கூட அவர் மண்டைக்குள் எப்படியாவது நுழைந்திருக்கும். டெனன்டுக்கு வீடு தேடித் தரும் ஓனர் நுழைந்ததுதான் விந்தை!

சாவி ஆணியிலிருந்து இறங்கியது. லிஃப்ட் வேலை செய்யாததால் படியேறினோம். கிரீஷ் பையிலிருந்து தண்ணீர் எடுத்து, மூடியைத் திறந்து, சுதாகரிடம் கொடுத்தான். "ஓனருக்குத் தண்ணி எடுத்துனு வர்றாரு பாரேன்" என்று தனபால் என்னிடம் நெகிழ்ந்தார். மேலே போனதும் சுதாகர் ஜன்னலைத் தடவிப் பார்த்து, "கிரீஷுக்கு டஸ்ட் அலர்ஜி, இதுக்கு நான் நெட் அடிச்சுடறேன்" என்றான். தனபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

நாங்கள் சமையலறையில் கூடினோம்.

"சொல்லியாச்சு இல்ல சித்தி? அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நாம என்ன பண்றது? பேசாம டோக்கன் அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்று கிசுகிசுத்தான் சுதாகர். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கிரீஷ் என்னைப் பார்த்தான். "நான் சொன்ன தமிழ் தப்பா சித்தி?"

"தமிழ் சரிதான்டா" என்றேன். இன்னோர் அர்த்தத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ நான் சொன்னது அவருக்குக் கேக்கவே இல்ல. மறுபடி கசின்ஸ் மாதிரிதான் இதுவும். நாளைக்கு இவன் இங்கயே தங்கினா, ஓனர் ஏன் போகலன்னு கேப்பாங்க. அப்புறம் வேற பொய். எனக்கு வேணாம்."

சிங்க் சின்னதாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியவள் நான். அது கூட எனக்கு வரவில்லை.

கீழே இறங்கி வந்ததும் கிரீஷ் உட்காரவில்லை. "சார், ஒரு நிமிஷம். இவர் எங்க ஹவுஸ் ஓனர் இல்ல. ஓனர் வேற ஆள். இவர்..." என்று நிறுத்தினான். அவனிடம் வேறு வார்த்தை இல்லை. "இவர் என் வீட்டுக்காரர்."

தனபால் குழம்பிப்போனார். "ஓனர் வேற, வூட்டுக்காரர் வேறயா? அப்போ... உள்வாடகையா?"

அப்போதுதான் உள்ளேயிருந்து கரண்டியும் கையுமாக அவர் மனைவி ராணியம்மா வந்தார்.

"யோவ், உனுக்கு இன்னா மூள மழுங்கிப்போச்சா? நான் உன்ன 'எங்க வூட்டுக்காரரு'ன்னு சொல்லிகினு கீறனே, உன் பேர்ல எந்த வூடு கீது? அந்த மாரி சொல்றாருய்யா அவரு!"

தனபால் கிரீஷைப் பார்த்தார். சுதாகரைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் வாடியது. போச்சு, என்று நினைத்துக்கொண்டு என் கைப்பையை எடுத்தேன்.

"அப்போ அந்த அட்வான்ஸு?" என்றார்.

"எங்க ஓனர் இன்னும் குடுக்கல சார்" என்றான் சுதாகர்.

"பெயின்டு?"

"அதுக்குத் தனியாப் பிடிக்கறாராம்."

தனபால் நாற்காலியில் சாய்ந்தார். "நெனச்சேன். இந்த ஊர்ல ஒரு நல்ல ஓனர் கீறான்னு ஒரு அர மணி நேரம் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?"

அவருடைய துக்கம் புரிந்தது. ஆனால் எங்கள் விஷயம் என்ன ஆயிற்று? நானே வாயைத் திறந்தேன். "சார், இவங்க இங்க குடிவரலாமா, கூடாதா?"

அவர் மீசையைத் தடவினார். "கமிட்டில நாலு பேரு பேசுவாங்கம்மா. அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"பேசட்டுமே" என்றார் ராணியம்மா. "லிஃப்டு ரிப்பேர் பண்ணணும்னு கூடத்தான் பேசிகினே கீறாங்க. எதுனா நடந்துச்சா?"

தனபால் தோற்ற மனிதராகச் சிரித்தார். சாவியை எடுத்து, ஆணியில் மாட்டாமல், கிரீஷ் கையில் வைத்தார். "இன்னொரு தபா மேல போய் நல்லா பாத்துட்டு வாங்க. உங்க வூட்டுக்காரரையும் கூட்டிகினு போங்க."

கிரீஷ் அழுதுவிட்டான். சுதாகர் எல்லார் முன்னாலும் அவன் தோளில் கை போட்டான். சாம்பார் கேட்கப் பயப்படுகிற சுதாகர்! ராணியம்மா இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். "ஞாயித்துக்கெழம நான் மீன் வறுத்தா மேல வரிக்கும் வாசன வரும். அப்பால கம்ப்ளெய்ன்டு பண்ணக்கூடாது." சுதாகர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... வீட்டை அவன் அந்த நிமிடமே வாங்கிவிட்டான்.

எந்த ஏரியா நல்ல ஏரியா என்று இப்போது என்னிடம் சிலர் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது கரண்டியோடு வெளியே வந்த ஒரு ராணியம்மாவைத்தான். பத்திரம் இருவர் பேரிலும் தயாராகிறது. கையெழுத்தானதும் சுதாகரும் கிரீஷும், தமிழில் எந்த அர்த்தத்தில் கேட்டாலும், ஒருவருக்கொருவர் வீட்டுக்காரர்.

இதை எழுதி முடித்ததும் என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம வீட்டுப் பத்திரம் உன் பேர்லதானே இருக்கு? அப்போ நான் யாரு?" என்றார்.

டெனன்ட்தான். பெயின்டுக்குக் கண்டிப்பாகப் பிடிப்பேன்.