நிறுத்தி வைத்த காரின் குற்றம்

இரண்டு மாதங்களுக்கு முன் என் கார் ஒரு விபத்தில் சிக்கியது. அந்த நேரத்தில் நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில், சுவரை ஒட்டி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, கார் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. சாவி கூடத்து ஆணியில் தொங்கியது. எண்ணூர் பக்கமிருந்து வந்த உப்பு லாரி ஒன்று, திரும்ப இடம் தேடி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. ரிவர்ஸ் எடுத்தது. என் காரின் முன்கதவை உள்ளே தள்ளியது. இரண்டு கூடை உப்பையும் மேலே கொட்டிவிட்டு... போயே போய்விட்டது! இடுப்பில் துண்டோடு நான் ஓடி வந்தபோது தெருமுனையில் புழுதிதான் மிச்சம்.

நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் எதிர்வீட்டு ரீட்டாம்மா. எங்கள் தெருவுக்கே மீன் விற்பவர். அம்பது வயதிருக்கும். என்னைவிட அதிகமாகக் கொதித்தது அவர்தான்.

“கஸ்மாலம்! நின்னுகினு கீற வண்டிய இட்ச்சிட்டுப் பூட்டானே சாரு! கண்ணு இன்னா பொடரியிலயா கீது அவனுக்கு?”

“நம்பரைப் பார்த்தீங்களா ரீட்டாம்மா?”

“நம்பரு பாக்க நான் எங்க சாரு பட்ச்சேன்?”

சரி, இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னாள் என் மனைவி. எனக்கும் தெம்பு வந்தது. க்ளெய்ம் பாரத்தை வாங்கி வந்து மளமளவென்று நிரப்பினேன். ‘சாட்சி’ என்ற இடத்தில் ரீட்டாம்மாவின் பெயரை எழுதி அனுப்பியும் விட்டேன்.

அப்புறம்தான் ஏஜெண்ட் வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். வருஷம் முழுக்க கம்பெனியிடம் பணம் கேட்காமல் ஓட்டினால் பிரீமியத்தில் ஒரு சலுகை உண்டாம். கேட்டுவிட்டால் அந்தச் சலுகை போச்சு. அடுத்த வருஷம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

“என் தப்பு இல்லையே ஐயா! நான் குளித்துக்கொண்டல்லவா இருந்தேன்?”

“தப்பு யாருடையதுன்னு கம்பெனி பார்க்காது சார். லாரிக்காரன் கிடைச்சா அவன் தலையில கட்டலாம். அவன்தான் ஓடிட்டானே?”

“பிறகு எதற்கு பாரத்தில் ‘தவறு யாருடையது’ என்று கேட்கிறீர்கள்?”

“கேக்கறது வழக்கம் சார்” என்றார் அவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தெருக்கோடி வரை போகும். அன்றும் போயிற்று. “அடி வாங்கினவனுக்கே அபராதமா? பிரீமியத்தை ஏத்தட்டும்... அன்னிக்கே இந்தக் காரை வித்துட்டு சைக்கிள்ல போறேன்!” என்று வாசலில் நின்று கத்தினேன். விற்கிற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. கோபத்தில் சொல்வதையெல்லாம் செய்வதாக இருந்தால் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியையே நான் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும்!

ஒரு வாரம் கழித்து கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான, பொறுமையான மனிதர். கதவைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், நோட்டில் எழுதினார். பிறகு, “சாட்சி யாரு சார்?” என்று கேட்டார். நான் பெருமையாக எதிர்வீட்டைக் காட்டினேன்.

ரீட்டாம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏம்மா, இந்தக் காரை லாரி இடிச்சதை நீங்கதான் பார்த்தீங்களா?”

“லாரியா? இன்னா லாரி? இந்தச் சந்துல எப்டி நைனா லாரி பூரும்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அப்போ இந்தக் கதவு?”

“அது வாங்கசொல்லவே அப்டித்தான் கீது. ஆக்ஸிடெண்டு கீக்ஸிடெண்டு ஒண்ணியும் நடக்கல. சாரு தங்கமா ஓட்டுவாரு. எழ்திக்கோ!”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பொய்க் கணக்கு எழுதிப் பணம் பறிக்க வந்தவனைப் பார்க்கிற பார்வை. பிறகு கதவின் மடிப்புக்குள் விரலை விட்டார். வெள்ளையாக ஏதோ ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு இருக்கேம்மா?”

“கடக்கரையாண்ட வெல்லமா நைனா இருக்கும்? காத்துல உப்பு கீது. என் வூட்டுக் கதவ நக்கிப் பாரு, அதுலயும்தான் கீது!”

இன்ஸ்பெக்டருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு எதுவும் புரியவில்லை. மானம் போன ஆத்திரம்.

“ரீட்டாம்மா! என்னைப் பொய்யனாக்கறீங்களே... நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?” என்று கத்தியே விட்டேன்.

அவ்வளவுதான். அந்த அம்மாள் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“நீதானே சாரு சொன்னே, ஆக்ஸிடெண்டுன்னு எழ்தினா துட்டு ஏத்துவான், வண்டிய வித்துடுவேன்னு? பிலோமினாக்கு எட்டு மாசம் சாரு... நீ வித்துட்டா என் பொண்ண நான் எதுல இட்டுகினு போவேன்?”

பிலோமினா அவருடைய ஒரே மகள். நெட்டுக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாள். வலி எடுத்த அன்று கொட்டுகிற மழை. ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா தேடித் தேடி, ஒன்று கிடைக்கவே வெகு நேரம் ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை தங்கவில்லை. அப்போது என்னிடம் கார் கிடையாது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பட்டது கொஞ்சமா? “என்னத்தைத் தின்னே? எங்கே போனே? ஏன் குனிஞ்சே?” — புகுந்த வீட்டில் ஆளுக்கொரு கேள்வி. ஒரு தப்பும் செய்யாதவளுக்குத்தான் ஏச்சும் பேச்சும். இன்ஷூரன்ஸ் கம்பெனியை மட்டும் நான் என்ன திட்டுவது? நாமெல்லோரும் வீட்டுக்கு வீடு அதைத்தானே நடத்துகிறோம்? பர்ஸைப் பறிகொடுத்தவனிடம், அந்த பஸ்ஸில் ஏன் ஏறினாய் என்று கேட்கிறவர்கள்தானே நாம்?

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். “அழாதீங்கம்மா. நீங்க பார்த்ததைச் சொன்னா, ரிப்பேருக்குக் கம்பெனி பணம் கொடுக்கும். அடுத்த வருஷம் சார் கொஞ்சம் கூடக் கட்டணும். அதுக்காக யாரும் காரை விக்க மாட்டாங்க” என்றார்.

“விக்க மாட்டேன் ரீட்டாம்மா. சத்தியமா!” என்றேன்.

ரீட்டாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மெய்யாலுமா? அப்போ எழ்திக்கோ நைனா. உப்பு லாரி. கஸ்மாலம்!”

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். நான்தான் ஒரு கேள்வி கேட்டேன்.

“கார் எப்போ கைக்கு வரும்?”

“கதவு சீமையிலிருந்து வரணும் சார். க்ளெய்ம்னா, அது கப்பல்ல வந்து இறங்கற வரைக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்லதான் நிக்கும். ரெண்டு மாசம்... மூணு மாசம்கூட ஆகலாம்.”

ரீட்டாம்மா எதிர்வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பிரசவத்துக்கும் தாய்வீடு வந்திருந்த பிலோமினா அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்த முகத்தை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை.

“சார், அந்தப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. க்ளெய்ம் வேண்டாம்” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது.”

“யோசிச்சாச்சு.”

பெரிய தியாகி என்று என்னை நினைத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சொந்தப் பணத்தில் கதவு மாற்றுவதை நினைத்தால் யாருக்கு இறங்கும்? மனைவிதான், “விடுங்க, ஆகிற வரைக்கும் கயிறு கட்டி ஓட்டுவோம்” என்றாள்.

அப்படியேதான் ஆயிற்று. பிலோமினாவின் புருஷன் நெட்டுக்குப்பத்திலிருந்து வந்து, வலைக்கயிற்றால் கதவை இறுக்கிக் கட்டிக் கொடுத்தான். அவன் போட்ட முடிச்சை அவனால் மட்டும்தான் அவிழ்க்க முடியும். கட்டியது ஓட்டுகிற பக்கத்துக் கதவு அல்லவா? நான் மறுபக்கக் கதவால் ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் நுழைகிற அழகை ஆபீசில் எல்லோரும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

போன மாதக் கடைசியில் ஒரு நாள், பட்டப்பகலில், ரீட்டாம்மாவின் குரல் தெருவைக் கிழித்தது. “சாரூ!”

பிலோமினாவைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை மடியில் ஏந்திக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தப் பெண் பல்லைக் கடித்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பதறினேன். கல்மண்டபத்தருகே ஒரு மாட்டுவண்டி வழிமறித்தபோது, ரீட்டாம்மா ஜன்னலில் தலையை நீட்டிப் போட்ட சத்தத்தில் மாடே தானாக ஒதுங்கியது! ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் சொந்தப் பிள்ளைகள் பிறந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

பெண் குழந்தை. தொண்டை மட்டும் அப்படியே ரீட்டாம்மா!

பத்து நாள் கழித்து அவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்றைய தபாலில் கம்பெனியின் கடிதமும் வந்திருந்தது. கடந்த ஆண்டு என் காருக்கு விபத்து எதுவும் நேராததால் சலுகை தொடர்கிறதாம்.

ஆக, பிரீமியம் ஏறவில்லை. போகும்போது மூன்று பேர் இருந்த காரில், வரும்போது ஆள்தான் ஒன்று ஏறிவிட்டது.