என் கழுத்தில் கிடந்த தாலி

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வைத்து, என் மகளின் தாலியை ஒரு நர்ஸ் என் கையில் கொடுத்தார். கம்மலும் மூக்குத்தியும் மெட்டியும் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. தாலி மட்டும் மஞ்சள் கயிறோடு தனியாக வந்தது.

"இதைக் கவர்ல போட மனசு வரல சார். பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

மகளுக்குக் கல்யாணமானது அந்த வைகாசியில்தான். கீரனூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. கல்யாண லீவு முடிந்து அவர் போன பிறகு, அவள் கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கும் அப்படித்தான் ஏறியிருக்கிறாள். பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். பக்கத்து சீட்டில் இருந்த பெண்தான் அவள் போனில் 'அப்பா' என்றிருந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னது. நான் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் இருந்தேன். சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே வண்டி ஏறினேன்.

கரு குழாயில் தங்கி வெடித்துவிட்டது, உள்ளே ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். அவள் உண்டாகியிருந்ததே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாது. ஒரு பிள்ளை வந்ததும் போனதும் ஒரே வாக்கியத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. சம்பந்தி இரண்டு பேரும் ரத்தத்துக்கு அலையப் போய்விட்டார்கள். என் மனைவி புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வாசலில் நான் ஒருத்தன்தான்.

கையில் வாங்கியபோது அந்தக் கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கழுத்துச் சூடு. வேர்வையில் நனைந்திருந்தது. சட்டைப் பையில் போட்டேன். குனிந்தால் விழுந்துவிடுமோ என்று எடுத்தேன். கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டால் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சூடு குறைவது தெரிந்தது. அது ஆறிவிடக் கூடாது என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. ஏன் அப்படி நினைத்தேன் என்று கேட்டால் படித்தவனாகப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சட்டைப் பித்தானைக் கழற்றி, தாலியை என் கழுத்தில் மாட்டி, பனியனுக்குள் விட்டுக்கொண்டேன்.

மனைவி வந்தவள் என் காலரைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்னங்க இது, கழுத்துல மஞ்சளா?"

வெளியே இழுத்துக் காட்டினேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே இருந்த ஒரு பெரியவர், வேறு யாருக்கோ துணைக்கு வந்தவர், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் பிழைத்து வந்தாள். அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சொல்லியாயிற்று என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். அவளுக்கு நினைவு திரும்பியதும் மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். போனை நான்தான் அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். கலைந்த தலையோடு, வேலையிடத்து உடுப்பில் நின்றிருந்தார். அவளையே பார்த்தார். பிறகு, "ஒன்ன யாரு தெனமும் பஸ்ல அலையச் சொன்னா?" என்றார்.

பயத்தில் கேட்டதுதான். எனக்குத் தெரிகிறது. நானே அதைக் கேட்டிருப்பேன். ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் போனைத் திருப்பிக்கொண்டேன். லீவு கிடைக்கவில்லை என்று அவர் வரவில்லை. தினமும் கூப்பிட்டார். அவள் "ம்", "சாப்டேன்", "சரி" என்று மூன்று சொல்லில் முடித்தாள்.

புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். பலகாரத்தோடு போய் அழைக்க வேண்டியவளை, மருந்துப் பையோடு காரில் படுக்க வைத்துக் கூட்டி வந்தோம். வீட்டுக்கு வந்ததும், நான் கழற்றிக் கொடுத்த தாலியை அவளிடம் எடுத்துக்கொண்டு போனாள் என் மனைவி. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்புறம் போட்டுக்கறேம்மா" என்றாள். மறுநாளும் அப்புறம்தான். அதற்கடுத்த வாரமும்.

எங்களுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. ஆம்பளை கழுத்தில் கிடந்த தாலியை அப்படியே எடுத்துப் போடக் கூடாது, ஆடிப் பதினெட்டில் புதுக் கயிற்றில் கோத்து, குண்டுமணி சேர்த்துப் பெருக்கித்தான் போட வேண்டும் என்று என் அக்கா சொல்லிவிட்டாள். அக்கா எங்கள் தெருவிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். அவள் சொன்னால் சட்டம். எப்படியும் முதல் ஆடிக்குப் புதுப் பெண்ணுக்குச் செய்கிற சடங்குதான் அது. ஆக ஒருவரும் எதுவும் கேட்காமல் இருக்க ஆடிப் பதினெட்டு வரை நாள் கிடைத்தது. தாலி பூஜை அலமாரியில் மஞ்சள் டப்பாவுக்குள் இருந்தது.

அந்த நாட்களில் என் மனம் இரண்டாக இருந்தது. அவள் தாலியைப் போட்டுக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளையோடு நன்றாக இருக்க வேண்டும் என்று விடிந்ததும் கும்பிடுவேன். போட்டுக்கொண்டால் ஆடி முடிந்ததும் போய்விடுவாள். இரவில் அவள் அறைக் கதவருகே நின்று மூச்சுக் கேட்கிறதா என்று பார்க்கும்போது, இங்கேயே இருந்துவிட்டால்தான் என்ன என்று தோன்றும். ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தால் வண்டிச் சத்தத்துக்கே உள்ளிருந்து கத்துகிற பெண் அவள். "என்ன வாங்கிட்டு வந்தீங்க, கை காட்டுங்க" என்பாள். இப்போது கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆடிப் பதினெட்டு அன்று வெள்ளாற்றில் வழக்கம்போல மணல்தான். ஊத்துத் தோண்டினால் தண்ணீர் வரும். பெண்கள் ஆங்காங்கே குழி தோண்டி, கரையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, பூ, பழம், காப்பரிசி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று மணலை வாரி இறைத்தது. ஆம்பளைகள் வண்டிகளோடு கருவேல மர நிழலில் நிற்க வேண்டியதுதான். நான் அவ்வளவு தூரம் தள்ளி நிற்கவில்லை. யாரும் என்னை விரட்டவுமில்லை.

மகள் எங்களோடு வந்திருந்தாள். கும்பிட்டாள். மனைவி புதுக் கயிற்றில் தாலியைக் கோத்து, இரண்டு பக்கமும் குண்டுமணி போட்டு, மஞ்சள் தடவித் தட்டில் வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பி உக்காரும்மா" என்றாள் மனைவி.

மகள் திரும்பவில்லை. "இன்னைக்கு வேணாம்மா."

மனைவியின் கை தட்டிலேயே நின்றது. அக்காதான் வாயைத் திறந்தாள்.

"ஏன் ஆத்தா, ஒங்கப்பன் கழுத்துல கெடந்தது ஒனக்கு ஆகாதா? அவனுக்கென்ன, ஜம்முன்னு போட்டுக்கிட்டு நின்னானாம். மாசமா இருக்கானான்னு கேக்காத கொறைதான்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதீங்கத்தே. எனக்குக் கோவமா இருக்கு."

"இருக்கட்டும். யாரு மேல? ஒம் புருசன் மேலயா, இந்தத் தாலி மேலயா?"

"அவரு மேலதான்."

"அப்ப அவன்கிட்டச் சொல்லு. இதுகிட்டக் கோவிச்சா இதுக்குக் காதா இருக்கு?"

மகள் எழுந்தாள். என்னிடம் வந்து, "அப்பா, போனக் குடுங்க" என்றாள். அவளுடையது வீட்டில் இருந்தது. என் போனை எடுத்துக்கொண்டு, மணலில் அங்கிட்டு, யாருமில்லாத பக்கமாக நடந்தாள். தையல் பிரித்து நாளாகவில்லையே, மணலில் கால் புதையுதே என்று எனக்குப் பதறியது. பின்னால் போகக் காலெடுத்தேன். "நில்லு தம்பி" என்றாள் அக்கா.

காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. முதலில் போனைக் காதில் வைத்துச் சும்மா நின்றாள். பிறகு இன்னொரு கை எழுந்தது. வீசியது. ஒரு தடவை சத்தம் இங்கே வரைக்கும் வந்தது, சொல் புரியவில்லை.

"சண்டை போடுறாளேக்கா" என்றாள் என் மனைவி, அழுகிற குரலில்.

"போடட்டும்மா. இத்தன நாள் வாயே தொறக்காம இருந்தாளே, எனக்கு அதுதான் பயம்."

எனக்கும் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குரல் இன்னும் கொஞ்ச நேரம் உரக்கவே இருக்கட்டும் என்று நின்றேன். ஊத்தில் தண்ணீர் தெளிந்து, மறுபடி மணல் விழுந்து கலங்கியது. மனைவி தட்டின் மேல் முந்தானையை மூடிப் பிடித்திருந்தாள்.

மகள் திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. போனை என்னிடம் கொடுத்தாள்.

"லீவு எப்பக் கெடைக்குமாம்?" என்றேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அதக் கேக்கல. பஸ்ஸப் பத்திக் கேட்டேன். நா சம்பாரிக்கப் போனது குத்தமான்னு கேட்டேன். நா செத்திருந்தாலும் பஸ்ஸத்தான் கேட்டிருப்பீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அழுதாரு. அழட்டும்னு விட்டுட்டேன்."

அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். "கட்டுங்கம்மா. இறுக்கிக் கட்டாதீங்க." மனைவியின் மஞ்சள் விரலில் கயிறு வழுக்கி முடிச்சு விழவில்லை. அக்கா ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாகக் கட்டினார்கள்.

வீட்டுக்குப் போக வண்டியில் பின்னால் ஏறினாள். மேட்டில் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஆடி முடிஞ்சதும் நீங்களே வந்து கீரனூர்ல விடுங்க."

"விடுறேம்மா."

"ஒரு மாசம் போகட்டும், அப்புறம் ஆபீஸ் போவேன். பஸ்லதான் போவேன். சொல்லிட்டேன் அவர்கிட்ட."

"சரிம்மா" என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் முன்னால் காலண்டரைத்தான் புரட்டினேன். ஆடி சில வருஷம் முப்பத்தொன்றோடு முடியும், சில வருஷம் ஒரு நாள் கூடுதலாக வரும். இந்த வருஷம் எப்படி என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.