டிஸ் போட்ட திருப்தி

தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் படித்தேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். முதல் வருடம் முழுக்க மேடம்கள் ஆங்கில நோட்ஸை வாசிப்பார்கள், நாங்கள் எழுதுவோம். கை வீங்கியதுதான் மிச்சம். நோட்டுக்குப் போனது தலைக்குப் போகவில்லை. இரண்டு பாடத்தில் கோட்டைவிட்டேன். இன்னொரு முறை தவறினால் எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே மாமன் மகன் ஒருத்தன் தயாராக இருந்தான்.

இரண்டாம் வருடம் புதிதாக ஒரு மேடம் வந்தார். சின்ன வயது, வேலையும் தற்காலிகம்தான். நோட்ஸை மூடி வைத்துவிட்டு வகுப்புக்குள்ளேயே ஒரு கட்டிலைப் போட்டார். ஒருத்தி நோயாளியாகப் படுக்க வேண்டும், இன்னொருத்தி நர்சாக விசாரிக்க வேண்டும்.

"இன்னாம்மா பண்ணுது ஒடம்புக்கு?"

"ஒரே பேஜாரா கீது சிஸ்டர். வவுறு வலிக்குது, நாஷ்டா கூட எறங்கல."

இதிலிருந்தே நாடி, காய்ச்சல், நீரிழப்பு என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போவார். நாடகம் ஆடுகிற சாக்கில் நானும் படித்துவிட்டேன். அதுவரை என்னை நான் மக்கு என்றே நினைத்திருந்தேன்.

பழைய மேடம்கள் சும்மா இருப்பார்களா? 'வகுப்பா, கூத்தா?' என்று பிரின்சிபாலிடம் புகார் போனது. அவர் எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார். எந்தப் பாடமுறை திருப்தி என்று நாங்கள் சொல்ல வேண்டும். எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு முறைக்கும் எதிரில் இரண்டு கட்டம்: சாட்டிஸ்ஃபைடு, டிஸ்ஸாட்டிஸ்ஃபைடு. பெயர் எழுத வேண்டாம்.

சாட்டிஸ்ஃபைடு தெரியும். இந்த டிஸ்? எனக்குத் தெரிந்த ஒரே டிஸ், டிஸ்டிங்ஷன். ஃபர்ஸ்ட் கிளாசுக்கும் மேலே. ஆக, சாதாரணத் திருப்திக்கு ஒரு கட்டம், டிஸ்டிங்ஷன் திருப்திக்கு ஒரு கட்டம். கட்டில் வகுப்புக்கு டிஸ்ஸில் அழுத்தி டிக் போட்டேன். நோட்ஸ் வாசிப்புக்கு, போனால் போகிறது என்று வெறும் சாட்டிஸ்ஃபைடு. என் மேதாவித்தனம் அதோடு நிற்கவில்லை. பெஞ்சில் கேட்டவளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் பின்பெஞ்சுக்குச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை கட்டிலைக் காணோம். புது மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நோட்ஸை வாசித்தார். ஏன் என்று கேட்டோம்.

"உங்களுக்குப் பிடிக்கலைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. இந்த மாசத்தோட எனக்கும் இங்க வேலை இல்ல," என்றார், தலை நிமிராமல்.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த ஒருத்தி மதியச் சாப்பாட்டின்போது விளக்கினாள்: "டிஸ்ஸுன்னா இல்லைன்னு அர்த்தம்டி, லூசு." எனக்குச் சோறு இறங்கவில்லை. என் படிப்பும் போச்சு, ஒரு நல்ல மனுஷியின் வேலையும் போச்சு.

பிரின்சிபால் அறைக்குப் போனேன். சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் நம்பவில்லை.

"உங்க மேடம் சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல மேடம். டிஸ்டிங்ஷன்னு நெனச்சிக்கினு போட்டுட்டேன். மத்தவங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

முறைத்தார். படிவக் கட்டை எடுத்து என்னுடையதைத் தேடச் சொன்னார். தேட வேண்டியிருக்கவில்லை. அழுத்திய அழுத்தில் டிக் போட்ட இடம் கிழிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு இருமினார். இருமல் இல்லை, சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அன்று மாலையே புதுப் படிவம் வந்தது, அவர் கையெழுத்தில், தமிழில்: 'திருப்தி', 'திருப்தி இல்லை'. மொத்த வகுப்பும் கட்டில் பக்கம் சாய்ந்தது.

மறுநாள் கட்டில் திரும்பி வந்தது, மேடத்தின் வேலையும் தங்கியது. அப்பாடா என்று இருந்தது, அழுகையும் வந்தது. மேடமே அதில் படுத்து, என்னைக் கூப்பிட்டு நாடி பார்க்கச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன்.

"நூத்திப் பத்து மேடம்."

நூறுக்கு மேல் போகக் கூடாது என்று அவரே சொல்லிக் கொடுத்ததுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

"நேத்து நீ பார்த்திருக்கணும்."