வாய் முந்திய அபி

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அபி எழுந்து நின்றுவிடுவாள். வந்தவர் முகத்தைப் பார்ப்பாள். வேறு யாரோ என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொள்வாள்.

நெல்லித்தோப்பில், பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிற மனநல ஆலோசனை மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் பெண். எம்.எஸ்சி. உளவியல், கடைசி வருடம். நான் அங்கே செவ்வாய்தோறும் போகிறவன். வீட்டில் பல்லுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் யோக்கியதை அவ்வளவுதான். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டு, அபியிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கடலோரக் குப்பத்துப் பெண். டிபன் பாக்சை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கி முடிந்து கொண்டுவருவாள். "மீன் கொழம்பு சார். ஏசி ரூம்ல வாசன நின்னுக்கும்" என்று மொட்டைமாடி வெயிலில் போய்ச் சாப்பிடுவாள். சும்மா உட்காரத் தெரியாது. சேர்ந்த புதிதில், வருகிற எல்லாரையும் "சாப்டீங்களா? எந்த ஊரு? யாரு வூடு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் தெரிந்தவரைப் பார்த்தும் பேசாமல் போனால் அது பகை. அன்றைக்கே வீடு தேடி வந்து நியாயம் கேட்பார்களாம்.

அவள் சேர்ந்த பத்தாம் நாள், நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி படியேறி வந்து வாசலில் தயங்கி நின்றாள். அபி துள்ளி எழுந்தாள்.

"சித்தி! வாங்க வாங்க! இங்க எங்க வந்தீங்க? சித்தப்பா வர்லியா?"

காத்திருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தோம். அந்தம்மாள் முகம் செத்துவிட்டது. "பல்லு காட்ட வந்தேன்டி. தெரியாம மேல ஏறிட்டேன்."

"பல்லு கீழ சித்தி!" என்று வழி வேறு காட்டினாள், பாவி மகள்.

அந்தம்மாள் இறங்கிப் போனபிறகு நோட்டைப் பிரித்தாள். பதினோரு மணிக்கு, மையத்தை நடத்தும் மேடம் போனில் கேட்டுக் குறித்துவைத்த பெயர்: அஞ்சலாட்சி. சித்தியின் பெயர்தான். அபியின் விரல் அங்கேயே நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பேப்பரைத் தூக்கி மறைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சவங்க வந்தா நாமளா சிரிக்கவும் கூடாது, விசாரிக்கவும் கூடாது, மொத நாளே சொன்னேனேம்மா?" என்றார் அன்புசெல்வி மேடம்.

"எழுதிக்கூட வச்சிருக்கேன் மேடம். வாய் முந்திக்கிச்சு. வூட்டுக்குப் போயி கால்ல வுழுந்துடட்டுமா?"

"போனா, எதுக்கு வுழுறன்னு அங்க கேப்பாங்க. சும்மா இரு."

அந்த எழுந்து நிற்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான். அடுத்த செவ்வாய் என்னிடம் சொன்னாள்: "எங்கூரு ஆளு ஒருத்தங்க இந்தப் படி ஏறணும்னா எத்தன நாளு ரோசன பண்ணியிருப்பாங்க! ஒரே சத்தத்துல எறக்கி வுட்டுட்டேன் சார். வெக்கமா இருக்குது. கண்ணாடில மூஞ்சிய பாக்க முடியல."

எதிர்வீட்டில் இருக்கும் சித்தி அபியின் வீட்டுப் படி மிதிப்பதையே நிறுத்திவிட்டாள். அம்மா விடுவாளா? "நீ எதுனா வாய வுட்டியா?" என்று தினமும் குடைந்தாள். "ஆமா, மரியாத இல்லாம பேசிட்டேன்" என்று அபி ஒத்துக்கொண்டாள். எங்கே, என்ன பேசினாள் என்று மட்டும் சொல்லவில்லை. அம்மா அவளைத் தெருவில் நிறுத்தி, எதிர்வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த சித்தியின் காதுபடவே, "படிச்ச திமிரா உனுக்கு?" என்று கிழித்துவிட்டாள். அபி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் கேட்டாள். சித்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன செவ்வாய் படியில் சத்தம். அபி எழுந்தாள். சித்தியேதான்.

அபி சிரிக்கவில்லை.

"வணக்கம்மா. உக்காருங்க. பேரு சொல்லுங்க."

சித்தி அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்:

"சுலோசனா."

அபி குனிந்து, சுலோசனா என்றே எழுதிக்கொண்டாள். ஊர் எழுதுகிற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நோட்டை மூடினாள்.