கூப்பிடாமல் நின்றவர்

எஸ்டேட் ஃபாக்டரியில் நான் டீ மேக்கராக இருந்த காலத்தில், நன்றாக ஜெபிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கீழ் கோத்தகிரிச் சரிவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டம் அது. கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் இருபது குடும்பம் போல எங்கள் சபையார் இருந்தார்கள். தகரக் கூரை போட்ட சிற்றாலயம் ஒன்றும் இருந்தது. போதகர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு குதிரையில் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பது, ஜெபம் நடத்துவது, வராதவர்களை விரட்டிப் பிடிப்பது எல்லாம் நான்தான். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அதைப் பக்தி வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோலரில் முறுக்கி வந்த இலையைப் புளிக்கும் அறையின் சிமெண்டுத் தரையில் மெல்லிசாகப் பரப்புவோம். சுற்றிலும் ஈரத் துணி தொங்கும். பச்சை மெதுவாகச் சிவந்து செம்பு நிறத்துக்கு வரும்போது பழ வாசனை ஒன்று எழும். அந்த நேரத்தில் அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். பிந்தினால் தூளில் ஜீவன் இருக்காது, புளிப்பு வாடை வந்துவிடும். அறையில் காவல் இருக்கும் ஆள் வந்து "இலை ஆயிருச்சுங்க" என்று கூப்பிட வேண்டும். டீ மேக்கர் போய் ஒரு பிடி அள்ளி முகர்ந்து தலையாட்ட வேண்டும். என் தலை ஆடாமல் ஒரு கூடை கூட நகரக் கூடாது, அதுதான் சட்டம்.

இலை தரையில் கிடக்கிற அந்த இடைவேளையில் நான் என் சின்ன அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போடுவேன். மெதுவாக ஜெபிக்க எனக்குத் தெரியாது. ரோலர் சத்தத்தையும் மீறி என் குரல் வெளியே கேட்கும் என்று தெரியும். தெரிந்தேதான் ஜெபித்தேன்.

அறைக் காவல் ஆள் எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவரை அவன், இவன் என்றுதான் சொல்வேன். இன்று வாய் வருவதில்லை. ஒருமுறை அவர் ஜெபத்தின் நடுவில் கதவைத் தட்டிவிட்டார். நான் வெளியே வந்து, அத்தனை ஆட்கள் முன்னாலும் அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கத்தினேன்.

"ஆண்டவர்கிட்டப் பேசிட்டிருக்கறப்ப கூப்பிடறயே, உனக்குப் பயமே இல்லையா? இனி ஃபாக்டரி பத்தி எரிஞ்சாலும் நான் ஆமென் சொல்ற வரைக்கும் கதவைத் தொடாதே."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கய்யா" என்றார். சுற்றி நின்றவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள் என்று அப்போது நினைத்தேன்.

போதகர் வந்து அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை அது நடந்தது. வரப்போகும் திருவிருந்துக்குச் சபையைத் தயார்படுத்துவதாக எண்ணி, ஒவ்வொருவர் பாவத்தையும் ஆள் ஆளாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவனுடைய பொய், அவளுடைய வாய்த்துடுக்கு, இன்னொருவன் மாமியாரோடு போட்ட சண்டை. காவல் ஆள் எப்போதோ விட்டுவிட்ட குடியைக் கூட விடவில்லை. அன்று எனக்கு ஜெபம் வெள்ளமாய் வந்தது. ஆமென் சொல்லிக் கதவைத் திறந்தால், எதிரே அவர் நிற்கிறார். கையில் ஒரு பிடி இலை. கறுத்துப் போயிருந்தது.

எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டேன்.

"ஜெபத்துல இருந்தீங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை துரை வழக்கம்போல ஃபாக்டரிக்கு வந்து கோப்பைகளை வரிசையாக வைத்துத் தேநீரைச் சுவைத்துப் பார்த்தார். ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். இரண்டாவது கோப்பையைத் தொடவே இல்லை. ஒரு நாள் தூள் முழுவதும் பாழ். யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. "காவல் ஆள் என்னைக் கூப்பிடலைங்க துரை" என்றேன்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அதில் இருந்த நஞ்சு. காவல் ஆள் அங்கேயே ஈரத் துணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வாயைத் திறப்பார், அப்படித் திறந்தால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று எனக்குள் படபடவென்று யோசனை ஓடியது. அவர் திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆள்கணக்கு எழுதும் செக்ரோலில் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. அவர் மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம். மேட்டுப்பாளையம் வரைக்கும் நடையாய் மலை இறங்க வேண்டும்.

வெள்ளி முழுவதும் ஜெபித்தேன். கதவைச் சாத்தவில்லை, குரலும் எழவில்லை. ஆண்டவரே என்னை மன்னியும் என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோனது. மன்னித்துவிட்டார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் லைன் பக்கம் போகக் கால் வரவில்லை. கடவுளிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவர் துரையிடம் போய்ச் சொல்ல மாட்டார். துரையிடம் சொன்னால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், பெரிய மனிதன் என்ற பெயரும் போகும். மூன்றில் கடைசிதான் அதிகம் பயமுறுத்தியது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்துக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை மாலை ஆலயத்துக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். பெயர் எழுதுகிறவர் ஒவ்வொருவரிடமும், யார் மேலாவது மனத்தாங்கல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் போய்ச் சமாதானமாகிவிட்டு வரச் சொல்வோம். ஆகாவிட்டால் அந்த மாதம் பெயர் கிடையாது. எழுதுகிறவன் நான். பட்டியலில் முதல் பெயர் எப்போதும் என்னுடையது. அன்றும் பழக்க தோஷத்தில் முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் வர மாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஊரை விட்டுப் போகிறவருக்கு, அதுவும் என் மேல் அத்தனை ஆத்திரம் இருக்க வேண்டியவருக்கு, இங்கே என்ன வேலை? கடைசி ஆளும் போன பிறகு நோட்டை மூடப் போனேன். வாசலில் நிழல் தட்டியது. தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"யார் மேலயாவது மனத்தாங்கல் இருக்குதா?"

கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியிருந்தது.

"இருந்துச்சுங்க. ரெண்டு நாளா நெஞ்சுல கல்லாட்டக் கெடந்துச்சு. இந்தக் கனத்தையும் தூக்கீட்டு மலை எறங்க முடியாதுன்னு ஆண்டவர்கிட்டச் சொன்னனுங்க. எடுத்துட்டாருங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எம் பேரை எழுதிக்கோங்க" என்றார்.

எழுதினேன். அவர் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் குனிந்து நோட்டைப் பார்த்தார்.

"ஐயா பேரு எழுதியாச்சுங்களா?"

குத்திக்காட்டத்தான் கேட்டாரா, சாதாரணமாகக் கேட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு முதல் வரியை அடித்தேன். ஒரு கோடு போதவில்லை, காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தேன். பிறகு மழையோடு மழையாகத் துரை பங்களாவுக்கு ஓடினேன். துரை குன்னூர் போய்விட்டார், காலையில்தான் வருவார் என்று பட்லர் சொல்லிக் கதவைச் சாத்தினான். பாதித் தைரியம் அங்கேயே கரைந்துவிட்டது.

ஞாயிறு காலை மீண்டும் போனேன். துரை பங்களா வராந்தாவில் உட்கார்ந்து குன்னூரிலிருந்து கொண்டுவந்த தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போல உள்ளே சாப்பிடப் போனார். நான் படியில் நின்றேன். ஆலயத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை யாரோ அடிக்கிற முதல் ஓசை கீழேயிருந்து வந்தது. போதகர் வந்துவிட்டார். ஆராதனை முடிந்தால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. முயன்று பார்த்தேன், துரை கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கூப்பிடவில்லை என்ற அந்தச் சொல் மனதில் வந்ததும் எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது. உத்தரவு கேட்காமல் உள்ளே நுழைந்துவிட்டேன்.

நான் நடந்ததைச் சொன்னேன். பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்து, நான் அவரைத் திட்டியதையும் சேர்த்துச் சொன்னேன். துரை முட்டைக் கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய தோட்டத் தமிழில் மரியாதை கிடையாது.

"அத்தனை நேரம் என்ன கேட்டே?"

"மத்தவங்க பாவத்தையெல்லாம் மன்னிக்கச் சொல்லிக் கேட்டனுங்க துரை."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் தேவலை. ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ கிறுக்கி என் பக்கம் தள்ளினார். காவல் ஆளின் பெயரைத் திரும்பச் செக்ரோலில் எழுத உத்தரவு. உன் விஷயத்தை நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு முட்டையைச் சாப்பிடத் தொடங்கினார்.

ஆலயத்துக்கு நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது திருவிருந்து தொடங்கியிருந்தது. சுவரோரம் இரண்டு மூட்டை, ஒரு பாத்திரக் கூடை, மேலே பாய்ச் சுருள். அவர் மனைவி உள்ளே உட்கார முடியாமல் மூட்டைக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பெயர் இல்லாத பட்டியலைப் போதகர் வாசித்தபோது சில தலைகள் திரும்பின. காவல் ஆள் போய் முழங்கால் போட்டு வாங்கிக்கொண்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். என் வாழ்நாளில் அத்தனை பசியோடு நான் அந்த அப்பத்தைப் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலுக்கு வந்ததும், போதகர் அருகில் இருக்கும்போதே துண்டுக் காகிதத்தைக் காவல் ஆள் கையில் கொடுத்தேன். சபை முழுவதும் கேட்க, தப்பு என்னுடையது, இவர் பழியைச் சுமந்தார் என்று சொன்னேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டபோது அழுதுவிட்டேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"இதை நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா இந்த மூட்டையைக் கட்டியிருக்க மாட்டனுங்க."

மூட்டைகளை லைன் வீட்டுக்குத் திரும்பச் சுமந்துபோனது நான்தான். வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை துரை என் டீ மேக்கர் வேலையைப் பிடுங்கினார். அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, அதே புளிக்கும் அறையில் இலை கிளறும் வேலையில் நின்றேன், அவருக்குப் பக்கத்தில். குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புது டீ மேக்கர் வந்தார். அந்த வாரம் முழுவதும் காவல் ஆள் என்னோடு வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மனத்தாங்கல் போய்விட்டது என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் என்னோடு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கேட்ட மன்னிப்புக்குப் பதில் வராமலே அவரோடு ஒரே தரையில் நிற்பது, வேலை போனதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரத்தில் ஒருநாள் அவர் மனைவிக்கு லைன் வீட்டிலேயே வலி எடுத்திருந்தது. மருத்துவச்சி உள்ளே இருந்தாள், ஆண்களுக்கு அங்கே இடமில்லை. அவர் இலையைக் கிளறிக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் வாசல் பக்கம். நான் சுவரோரம் ஈரத் துணிக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். குரல் எழுப்பவில்லை. யாருடைய பாவத்தையும் சொல்லவில்லை, அந்தத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும் என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, தோளில் ஒரு கை அழுத்தியது.

"ஏனுங்கண்ணா, கண்ணைத் தொறங்க. இலை ஆயிருச்சு, போயிக் கூப்பிடுங்க."

அதுவரை ஐயா என்றே கூப்பிட்டவர் அவர். ஆமென் சொல்லாமலே எழுந்துபோய்ப் புது டீ மேக்கரின் கதவைப் பலமாகத் தட்டினேன்.