ஆற்றோரம் நான் போட்ட வீடு

அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமாகாதவள். மூலக்குளத்தில் எங்களோடுதான் இருந்தாள். டவுனில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் தீட்டுவது அவளுக்கு வேலை. எனக்கு அப்போது ஏழு வயது. நான் பார்த்ததிலேயே உயரமானது எங்கள் ஊர் மில்லின் புகைபோக்கிதான்.

ஒருமுறை அவசர வேலை என்று டிரேசிங் தாளை வீட்டுக்கே கொண்டுவந்தாள். அதில் மேற்கு மலையில் உள்ள ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை வரைந்திருந்தாள். நடுவே ஆறு நெளிந்து ஓடியது. இருபுறமும் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஏறின.

"கோடு நெருக்கமா இருந்தா செங்குத்தா ஏறுதுன்னு அர்த்தம். எட்ட எட்ட இருந்தா சமதரை" என்றாள்.

"நீ அங்க போயிருக்கியா அத்தை?"

"நான் எங்க போனேன்! ஆபீஸ் ஆளுங்க போயி அளந்துனு வராங்க, நான் வரையறேன்."

அவள் சாப்பிடப் போன நேரம், அத்தனை பெரிய காட்டில் ஒரு வீடுகூட இல்லாதது எனக்குப் பாவமாக இருந்தது. அவள் பேனாவாலேயே ஆற்றோரம் ஒரு வீடு போட்டேன். வாசலில் அத்தை, பக்கத்தில் நான்.

திரும்பி வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி, பதினஞ்சு நாள் வேலைடி!" பிளேடால் சுரண்டிப் பார்த்தாள். பாதி வீடு போனது, தாளும் கிழிந்தது. என்னை அடிக்கவில்லை. மறுநாள் சைக்கிளில் ஏற்றி அலுவலகத்துக்கே கூட்டிப்போனாள்.

அங்கே அதிகாரி ஒரு பிரெஞ்சுக்காரர். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் தாளை உற்றுப் பார்த்து ஏதோ சொல்ல, அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மழைக்காலத்துல ஆறு உன் வீட்டை அடிச்சினு போயிடுமாம். இன்னும் மேல கட்டச் சொல்றாரு."

அவர் இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாதம் அவரும் மனைவியும் ஆட்களோடு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள், அத்தையும் வந்து பார்க்கலாமாம். வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தாள்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் கேட்டாள்.

"காட்டுக்கா? பொண்ணு பாக்க வரவங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

"அவரு சம்சாரமும் வராங்கண்ணே."

"வேணாம்மா."

அதற்குள் நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்று பெருங்குரலில் அழ ஆரம்பித்திருந்தேன்.

"போவலடி. உன்னை உட்டுட்டு எங்க போவப் போறேன்" என்று என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

பிறகு புதுத் தாள் விரித்து, அந்தப் பள்ளத்தாக்கை முதலிலிருந்து வரையத் தொடங்கினாள். எனக்காகத்தான் அத்தை போகாமல் இருந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.